புல் கெண்டையும் டாக்டர் மாப்பிள்ளையும்

மகளைப் பாக்கத் தஞ்சாவூர் போறேன்னு சொன்னதோட நான் நிறுத்தியிருக்கணுங்க. மாப்பிள்ளை என்ன பண்றாருன்னு நீங்க கேட்டுட்டீங்க. தப்பில்லீங்க, எல்லாரும் கேக்கறதுதான். டாக்டர்னு சொல்லுவேன். எதுக்கு டாக்டர்னு அடுத்தாப்ல கேப்பீங்க. அங்கதான் எனக்கு நாக்கு ஒட்டிக்கும். சித்த அந்தப் பையத் தள்ளி வெச்சுக்கறீங்களா, காலை நீட்டிக்கறேன். இந்த பஸ்ஸுல முசிறி வரைக்கும் வர்றீங்க இல்லீங்களா? அப்பச் சொல்லிப்போடறேன்.

எம் பேரு செங்கோட்டுவேலுங்க. திருச்செங்கோட்டுப் பக்கம். ரிக் வண்டி வெச்சிருந்தேன், போர் போடற வண்டி. ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான்னு போகாத ஊரில்ல. பூமியில எத்தனை ஓட்டை போட்டிருப்பேன்னு எனக்கே தெரியாது. தண்ணி வந்ததும் உண்டு, வெறும் புழுதி வந்ததும் உண்டு. எதுக்குச் சொல்றேன்னா, தண்ணியப் பத்தி எனக்கு ஒருத்தர் வந்து சொல்லித்தரணும்னு இல்லைங்க. இதை மனசுல வெச்சுக்கிட்டு மிச்சத்தைக் கேளுங்க.

ஒரே பொண்ணு, இந்துஜா. டாக்டர் மாப்பிள்ளைன்னு தரகர் சொன்னார். நவநீதன்னு பேரு. ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிக்கிட்டு உக்காந்திருந்தார். டாக்டர்னா அப்படித்தான் இருப்பாங்கன்னு நானும் நெனச்சேன். பத்திரிகையில பேருக்கு முன்னாடி பெருசா டாக்டர்னு போட்டேன். அது பொய்யில்லைங்க, பட்டம் இருக்குது. ஆனா கல்யாணத்துக்கு வந்த ஒரம்பரை சனமெல்லாம் சும்மா வரல. எங்க பெரியப்பா முழங்கால் எக்ஸ்ரேவக் கையோட கொண்டாந்துட்டார். மணவறையில வெச்சே மாப்பிள்ளை கையில குடுத்தார். மாப்பிள்ளை அதை வாங்கி வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு, “நான் மீன் டாக்டருங்க தாத்தா”ன்னு சொல்லித் திருப்பிக் குடுத்தார். பெரியப்பா சாப்பிடாமயே கெளம்பிட்டார்.

மீனுக்கு வைத்தியம் பாத்தாக்கூடப் பரவால்லைங்க. கோழி டாக்டர் இல்லையா, மாட்டு டாக்டர் இல்லையா, அந்த மாதிரின்னு சொல்லிக்கலாம். இவர் வைத்தியமும் பாக்கறதில்ல. மீன் என்ன திங்குது, தின்னதுல எவ்வளவு ஒடம்புல ஒட்டுது, எவ்வளவு வெளிய போகுது, அதை அளக்கறார். வெளிய போறதுன்னா புரியுதில்லீங்க? மீனைப் புடிச்சு, தண்ணியோட பிளாஸ்டிக் பையில விட்டு, அரை மணி நேரம் காத்திருந்து, அந்தத் தண்ணிய எடுத்துட்டுப் போய்ப் பரிசோதிக்கறார். அதுக்கு அவர் வேலை பாக்கற காலேஜ்ல ஒரு ரூம், ரூமுக்கு ஏசி. அதுலயும் எல்லா மீனும் கெடையாது. செடி கொடி திங்கற மீனா இருக்கணும். சைவ மீன். நான் இதை யாருகிட்டப் போயிச் சொல்லுவேன், சொல்லுங்க.

சரி, ஏரிக்கு வர்றேன்.

எங்க ஊர் ஏரி முட்காடாக் கெடந்துச்சு. தூர் வாரி, கரை கட்டி, நடைபாதை போட்டு, அன்னம் பொம்மை வெச்சு, கலர் லைட் போட்டு, அதை ஒரு ஏரியாக்கினது எங்க குழுதாங்க. நான் தலைவர். சாயப்பட்டறை வெச்சிருக்கற தனசேகர் செயலாளர். கார்த்திகையில அமைச்சர் வந்து படகு சவாரியத் தொடங்கி வெக்கறதா ஏற்பாடு. பெடல் படகு, வாத்து மூஞ்சி போட்டது, வந்து எறங்கிடுச்சு. ஒரு நாள் நானும் தனசேகரும் ஏறி மிதிச்சுப் பாத்தோம். நடு ஏரியில நின்னுபோச்சு. கீழ பூரா வேலம்பாசி. தலைமயிர் மாதிரி பெடல்ல சுத்திக்கிட்டு விடமாட்டேங்குது. கயித்தை வீசி எங்க ரெண்டு பேரையும் கரைக்கு இழுத்தாங்க. அமைச்சரை இப்படி இழுக்க முடியுங்களா?

ஆளை விட்டுப் பறிச்சோம். இந்தப் பக்கம் பறிச்சு முடிக்கறதுக்குள்ள அந்தப் பக்கம் வந்துடுது. அப்பத்தான் தனசேகர் போன்ல ஒரு வீடியோ காட்டினார். புல் கெண்டைன்னு ஒரு மீனு. மாடு மேயற மாதிரி பாசிய மேயுது. ராத்திரி பகல் கெடையாது, லீவு கெடையாது, கூலி கெடையாது. வடநாட்டுல வேலைக்கு ஆள் தேடி நான் பட்ட பாடெல்லாம் கண்ணு முன்னால வந்துச்சு. இந்த மீன் அப்பவே கெடைச்சிருந்தா ரிக் வண்டியில ஏத்தியிருப்பேன்.

அந்தச் சமயம் ஆடிக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தாங்க. கல்யாணத்துக்கப்பறம் முதல் தடவையா எனக்கு அவரை நாலு பேருகிட்டக் காட்டிக்கலாம்னு தோணுச்சு. எங்க மாப்பிள்ளை மீன் டாக்டர்னு சொல்லிக் குழு முன்னால கூட்டிட்டுப் போய் நிறுத்தினேன். புல் கெண்டை விடலாமுங்களான்னு தனசேகர் கேட்டார். ‘பேஷா விடலாம்’னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அதுக்குத்தாங்க கூட்டிட்டுப் போனது.

இவர் என்ன சொன்னார்ங்கறீங்க? “கொஞ்சமா விடலாமுங்க. நெறைய வேண்டாம். பாசி எங்கயும் போயிடாது, மீன் வயித்து வழியா ஏரிக்கேதான் திரும்பி வரும்”ன்னார்.

“புரியலீங்களே”ன்னார் தனசேகர்.

“புல் கெண்டைக்குக் குடல் சின்னதுங்க. திங்கறதுல பாதி செரிக்காம அப்படியே வந்துடும். செரிச்சதுலயும் பெரும்பங்கு ஒண்ணுக்காவும் செவுள் வழியாவும் தண்ணியில கலந்துடும். இத்தனை நாள் தண்ணியில இருக்கற சத்தைப் பாசி புடிச்சு வெச்சிருந்துச்சு. அது போயிட்டா, அந்தச் சத்தைக் கண்ணுக்குத் தெரியாத பச்சைப் பாசி எடுத்துக்கும். தண்ணி பூரா பச்சையாயிடும். ஒரு ஓரமாவது வேலம்பாசிய விட்டு வெய்யுங்க. மீன் பெருத்ததும் புடிச்சு வெளிய எடுத்துடுங்க.”

நாலு பெரிய மனுசங்க நிக்கறாங்க. டீயும் முறுக்கும் கையில இருக்குது. அங்க நின்னு ஒண்ணுக்கு, குடல்னு பேசறார். தனசேகர் முறுக்கைக் கீழ வெச்சுட்டார். எனக்குப் பொக்குனு போச்சு.

“மாப்பிள்ளை படிச்சவர், படிச்ச மாதிரி பேசறார். நாம வேலைய ஆரம்பிப்போம்”னு சொல்லி முடிச்சு வெச்சேன். அவர் சரிங்க மாமான்னுட்டு அன்னம் பொம்மையப் பாத்துக்கிட்டு நின்னார்.

மீன் வந்துச்சுங்க. குஞ்சு வேண்டாம், பெருசாவே குடுங்கன்னு பண்ணைக்காரர்கிட்டச் சொன்னேன். இந்த ஏரிக்கு இவ்வளவு போதுமேன்னார் அவரு. அமைச்சர் வர்றாருங்கன்னேன். உடனே லாரிய ரொப்பிட்டார்.

அதுக்கப்பறம் நடந்தது கண்கொள்ளாக் காட்சிங்க. ஆவணி கழியறதுக்குள்ள ஏரி வழிச்சு விட்ட மாதிரி ஆயிடுச்சு. ஒரு இணுக்குப் பாசி இல்ல. அல்லி கூட இல்ல. அடித்தரை தெரியுது. வாத்துப் படகு வழுக்கிக்கிட்டுப் போகுது. போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பிச்சேன். ‘உங்க வீட்டுக்காரர்கிட்டக் காட்டு’ன்னு கீழ போட்டேன். சும்மா, தமாசுக்குத்தான். ஊர்ல எனக்கு பிளக்ஸ் வெச்சாங்க, ‘ஏரி நாயகன்’னு. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். எந்த போட்டோ வேணும்னு கேட்டப்ப மட்டும் ஒண்ணை எடுத்துக் குடுத்தேன்.

பாசி தீந்துபோச்சு, மீனுக்குப் பசி தீரலைங்க. கரையோரப் புல்லைத் தாவித் தாவித் திங்குது. பாக்கவே வெசனமா இருந்துச்சு. அமைச்சர் வர்றப்ப மீன் எலும்பும் தோலுமா இருந்தா நல்லாவா இருக்கும்? மார்க்கெட்டுல கழிக்கற முட்டைக்கோஸ் எலை, காலிபிளவர் தழை, சீமைப்புல்லு எல்லாத்தையும் தினமும் டெம்போவுல கொண்டாந்து கொட்ட ஏற்பாடு பண்ணினேன். அது புரட்டாசி மாசம். ஊரே கவிச்சி தொடாத மாசம். நடக்க வர்ற சனம் மீனுக்கு அகத்திக்கீரை வாங்கிப் போட ஆரம்பிச்சாங்க, பசு மாட்டுக்குப் போடற மாதிரி. கன்னத்துல வேற போட்டுக்கிட்டாங்க. நல்ல காரியந்தானுங்க, இல்லீங்களா?

அப்பத்தான் தண்ணி லேசா நெறம் மாறுச்சு. முதல்ல எளம்பச்சை. செழிப்புன்னு சொன்னேன். அப்பறம் கீரை கடைஞ்ச மாதிரி ஆச்சு. அப்பறம் ஒரு வாசம். நான் விடலைங்க, காரணத்தைத் தேடினேன். தனசேகர் பட்டறைச் சாயம்தான்னு பட்டுனு புடிச்சேன். அவர் கோவிச்சுக்கிட்டார். “பச்சைச் சாயம் போட்டே வருசக்கணக்காச்சு. இப்ப எவன் பச்சை கேக்கறான்?”னார். சரி, திருஷ்டியா இருக்கும்னு கரையில பூசணிக்காய் கட்டினோம். கட்டினது ரெண்டு நாள்ல அழுகி அதுவும் ஏரியில விழுந்துச்சு.

இந்த நெலமையிலதாங்க தலை தீபாவளி வந்துச்சு.

மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி, மோதிரம், வாட்ச், எதுலயும் நான் கொறை வெக்கல. காலையில எண்ணெய் தேச்சுக் குளிச்சு, வேட்டியக் கட்டிக்கிட்டு, சித்த நடந்துட்டு வர்றேன் மாமான்னு போனவரைக் காணோம். கொஞ்ச நேரம் கழிச்சு தனசேகர் போன் பண்றார். “உங்க மாப்பிள்ளை ஏரிக்குள்ள எறங்கிட்டாருங்க”ன்னார். ஓடறேன்.

போய்ப் பாத்தா, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு முழங்கால் தண்ணியில நிக்கறார். வலைய எங்கயோ வாங்கியிருக்கார். கரை ஓரமா வரிசையா பிளாஸ்டிக் பை, ஒவ்வொண்ணுலயும் ஒரு புல் கெண்டை. கரையில ஊரே நிக்குது, எல்லாரும் புதுத் துணியில.

“என்ன தம்பி பண்றீங்க?”ன்னு ஒருத்தர் கேக்கறார்.

“மீன் எவ்வளவு கழிக்குதுன்னு பாக்கறேனுங்க.”

“எவ்வளவு நேரமாகும்?”

“அரை மணி நேரமுங்க.”

அந்த சனம் அரை மணி நேரமும் நின்னுச்சுங்க! பட்டாசு வெடிக்கறதை விட்டுட்டு நின்னுச்சு. “போயிடுச்சுங்களா?”ன்னு பின்னால இருந்து ஒருத்தன் கத்தறான். “எது போகுது, எது போகலைன்னு எப்படிங்க கண்டுபுடிக்கறது?”ன்னு இன்னொருத்தன். அந்த வழியா வந்த டவுன் பஸ்ஸு நின்னு, டிரைவர் எட்டிப் பாத்துட்டுப் போறார். இவர் எல்லாருக்கும் சிரிச்ச மொகத்தோட பதில் சொல்லிக்கிட்டிருக்கார். கொஞ்சங்கூடக் கூச்சமில்ல. அவருக்குப் பின்னால நேரா என் பிளக்ஸு, ‘ஏரி நாயகன்’.

மத்தியானம் எலை போட்டு உக்காந்தோம். எங்கூட்டம்மா, பாவாயி, விடியறதுக்கு முந்தி எந்திரிச்சு சமைச்சிருந்தா. நான் ஒண்ணும் பேசக்கூடாதுன்னுதாங்க இருந்தேன். சரி, கேட்டு வெப்போம்னு, “இன்னிக்கு என்ன கண்டுபுடிச்சீங்க மாப்பிள்ளை?”ன்னேன்.

நான் கிண்டலாக் கேட்டேன். அவருக்கு அது புரியல. மொகம் மலர்ந்துபோச்சு. சோத்தைப் பெசையறதை விட்டுட்டு என் பக்கம் திரும்பிட்டார்.

“மாமா, நீங்க கொட்டற முட்டைக்கோஸ் எலையெல்லாம் எங்க போகுதுன்னுதான் பாத்தேன். முன்னாடி ஏரியில இருந்த சத்துதான் ஏரியில சுத்திக்கிட்டிருந்துச்சு. இப்ப மார்க்கெட்டுல இருந்து டெம்போவுல சத்து வருது. மீன் அதை அரைச்சுத் தண்ணியில கரைச்சு விடுது. ஏரிக்கு நீங்க தினமும் உரம் போடறீங்க மாமா.”

நான் என்ன சொன்னேங்கறீங்க? பெருசா ஒண்ணுமில்லீங்க. பொதுவாத்தான் சொன்னேன். “மனுசனுக்கு வைத்தியம் பாக்கற டாக்டரைத் தேடினேன், எந்தலையில மீனு பீ அளக்கறவரைக் கட்டி வெச்சுட்டாங்க”ன்னு சொன்னேன். அவ்வளவுதாங்க. அவரைப் பாத்துக்கூடச் சொல்லல, அப்பளத்தைப் பாத்துத்தான் சொன்னேன்.

எம் மக எலைய மூடிட்டு எந்திரிச்சுட்டா. பாதி சோறு அப்படியே இருக்குது. “பெட்டிய எடுத்து வெக்கறேங்க”ன்னு அவர்கிட்டச் சொல்லிட்டு உள்ள போயிட்டா. மாப்பிள்ளை எந்திரிக்கலைங்க. ரசம் சாப்பிட்டார், மோர் சாப்பிட்டார், பாயசம் சாப்பிட்டார். எலையில ஒரு பருக்கை மீதி வெக்கல. “அத்தை, எல்லாமே நல்லா இருந்துச்சு”ன்னார். பாவாயி கரண்டியக் கையில புடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு நிக்கறா.

வாசல்ல செருப்பை மாட்டறப்ப எங்கிட்ட வந்தார். இப்பத் திட்டுவார்னு பாத்தேன். “மாமா, தொடக்க விழா வரைக்கும் இழுக்காதீங்க. பாதி மீனை இப்பவே புடிச்சிடுங்க. ரெண்டு நாள் சேந்தாப்ல வானம் மூடாப்புப் போட்டா, அத்தனை பச்சைக்கும் மீனுக்கும் தண்ணியில மூச்சு பத்தாது. விடியறப்ப செத்துப்போயிடும்”னார். சொல்லிட்டுப் போயிட்டார்.

தலை தீபாவளி அன்னிக்கு வாசல்ல நின்னு சாவு சேதி சொன்னா யாருக்குத்தான் கோவம் வராது? நான் ஒரு மீனையும் புடிக்கல. டெம்போ மட்டும் கொஞ்சம் கொறைச்சேன். அது கூட அவர் சொன்னதுக்காக இல்லைங்க, டிரைவருக்குக் காய்ச்சல்.

கார்த்திகை வந்துச்சு. விழாவுக்கு முந்தின ரெண்டு நாளும் மூடாப்பு. தூறல் கூட இல்ல, சும்மா மூடிக்கிட்டுக் கெடந்துச்சு. விழா அன்னிக்கு விடியக்காலம் ஏரிக் காவல்காரர் போன் பண்ணினார். “ஐயா, மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளந்துக்கிட்டு நிக்குதுங்க”ன்னார். நான் போறப்ப பாதிக்கு மேல மல்லாந்துபோச்சு. பச்சைத் தண்ணி மேல வெள்ளை வெள்ளையா வயிறு. வாத்துப் படகு நாலு பக்கமும் மீனு. அமைச்சர் பத்து மணிக்கு வர்றார்.

தனசேகர் தலையில கைய வெச்சு உக்காந்துட்டார். நான் உக்காரலைங்க. ரிக் வண்டிக்காரன் உக்காரமாட்டான். ஒரு எடத்துல தண்ணி வரலைன்னா வண்டிய நாலடி தள்ளி நிறுத்தணும், அழுதுக்கிட்டு நிக்கக்கூடாது. பிளக்ஸ் கடைக்காரரை எழுப்பினேன். ‘படகு சவாரித் தொடக்க விழா’வை எடுத்துட்டு ‘மாபெரும் மீன்பிடித் திருவிழா’ன்னு அடிக்கச் சொன்னேன். ஆட்டோவுல மைக் கட்டி விட்டேன், வந்து வேணுங்கறதை அள்ளிக்கிட்டுப் போங்கன்னு. கார்த்திகை மாசம் பாருங்க, ஊர்ல பாதி ஆம்பளைங்க கழுத்துல மாலை போட்டிருக்காங்க. அவங்க கரையில நின்னு சரணம் சொல்லிக்கிட்டே எது நல்ல மீனுன்னு கை காட்டறாங்க. பொம்பளைங்க குண்டாவோட எறங்கி அள்ளறாங்க. அக்கம்பக்கத்து ஊர்க்காரங்க சாக்கோட வந்துட்டாங்க.

அமைச்சர் வந்தார். நல்ல பெரிய மீனா ஒண்ணைத் தூக்கிக் குடுத்தோம். அது அப்பவே வெறைச்சுப்போச்சு. போட்டோகாரர் கொஞ்சம் துள்ளற மாதிரி இருந்தா நல்லாருக்கும்னார். அமைச்சர் அவரே ஆட்டிக் காட்டினார். அனுபவங்க. மறுநாள் பேப்பர்ல அந்தப் படந்தான். தண்ணி ஏன் பச்சையா இருக்குன்னு கேட்டார். இயற்கை உரமுங்கன்னேன். அருமைன்னு பாராட்டினார்.

அள்ளினது போக மிச்சம் அழுகிக் கெடந்துச்சு. கரையிலயே குழி வெட்டிப் புதைக்கலாம்னு ஆளுங்களைக் கூப்பிட்டேன். அன்னிக்குச் சாயங்காலம் மக பாவாயிக்குப் போன் பண்ணியிருந்தா. எங்கூட அவ பேசல. பாவாயி வந்து சொல்றா: “கரையில புதைச்சா மழையில எல்லாம் ஏரிக்கே திரும்பி வந்துடுமாம், தூரமாக் கொண்டுபோகச் சொன்னாராம்”னு. யாரு சொன்னாங்கன்னு நான் கேக்கல. அடுத்த நாள் எதேச்சையா எனக்கே ஒரு ரோசனை வந்து, மீனையெல்லாம் டிராக்டர்ல ஏத்தி மேட்டுத் தோப்புக்குக் கொண்டுபோய்த் தென்னைக்குப் போட்டேன்.

இப்ப ஏரி தெளிஞ்சுக்கிட்டு வருதுங்க. ஒரு மூலையில வேலம்பாசி கூடத் தலை காட்டுது. ஆள் யாரும் பறிக்கக்கூடாதுன்னு போர்டு வெச்சிருக்கேன். தூய்மை ஏரிக்கு வழி காட்டினவர்னு சுத்துப்பட்டு ஊர்லயெல்லாம் என்னைக் கூப்பிட்டுப் பேசச் சொல்றாங்க. நானும் போய்ச் சொல்றேன். பாசி எங்கயும் போயிடாதுங்க, மீன் வயித்து வழியா ஏரிக்கேதான் வரும், மீனை வெளிய எடுத்தாத்தான் சத்தும் வெளிய போகும்னு. கை தட்டறாங்க. ஒண்ணுக்குங்கற எடத்துல மட்டும் சிரிக்கறாங்க. அது அறியாமைங்க. அறிவியல்ல கூச்சப்பட்டா ஆகுங்களா?

என் வருத்தம் என்னன்னு இப்பச் சொல்றேன் கேளுங்க. மகளுக்கு எங்கிட்டப் பேச்சு இல்ல. பாவாயி பொங்கலுக்கு அங்க போனவ, இன்னும் திரும்பி வரல. வீட்டுல நான் ஒண்டி. முந்தாநாள் பாவாயிக்குப் போன் போட்டேன். எடுத்தது மாப்பிள்ளை. அவர்தான், “சாப்டீங்களா மாமா? ஏரி எப்படி இருக்குது? வாங்க மாமா ஒருதரம்”னார். அவ்வளவுதாங்க சொன்னார்.

அந்தாளு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ‘நான்தான் அப்பவே சொன்னேனே’ன்னு சொல்லியிருக்கலாமில்லீங்களா? சொல்லியிருந்தா நானும் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டி, அவரும் திட்டி, கணக்குத் தீந்திருக்கும். ஏரி செத்தப்பவும் சொல்லல. பேப்பர்ல என் படம் வந்தப்பவும் சொல்லல. ஒருத்தரை இப்படியா வதைக்கறது? சாப்டீங்களாங்கறார்! அன்னிக்குப் பூரா எனக்குச் சோறு எறங்கலைங்க.

முசிறி வந்துடுச்சா? பாத்து எறங்குங்க. உங்க ஊர்ல ஏரி இருக்குதா? பாசி? இருக்குதில்ல, பாத்தீங்களா! யாரு பேச்சையும் கேட்டு ஏரிக்குள்ள எதையும் விட்டுப்போடாதீங்க. எனக்கு ஒரு போன் போடுங்க, மாப்பிள்ளையோட வந்துடறேன். தண்ணிக்குள்ள எறங்கறதை அவர் பாத்துக்குவார், மேடையில பேசறதை நான் பாத்துக்கறேன்.

என்னுங்க? அவர் எங்கூட வருவாரான்னா கேக்கறீங்க?

தெரியலீங்க. அதைக் கேக்கத்தான் போயிக்கிட்டிருக்கேன்.